பெயர் தெரியாத முடிச்சு

அரசர் முத்துவிசய பூபதியின் துறைமுகத்துக்கு ஸ்பானியக் கப்பலும் வரும், ஆங்கிலக் கப்பலும் வரும். இரு நாட்டார் பேச்சையும் அரசருக்குத் தமிழில் சொல்பவர் துபாஷி அருளப்பன். துறைமுகத்திலேயே வளர்ந்து, அந்த மொழிகளைக் காதால் கற்றவர். அந்த வேலையைத் தம் மருமகனுக்கு வாங்கித்தர ஆசைப்பட்டார் சபைப் பண்டிதர் ஏகாம்பரம். ஒரு நாள் இரண்டு மொழிகளின் இலக்கண நூல்களையும் சுமந்துகொண்டு சபைக்கு வந்தார்.

"துபாஷி, 'கப்பல் வந்திருக்கிறது' என்று அவர்கள் மொழியில் சொல்வீரே, அது என்ன காலம்?"

"கப்பல் வந்த காலம், பண்டிதரே."

சபை சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை. "ஸ்பானிய நூலில் அதற்கு இறந்தகால நிறைவு என்று பெயர். ஆங்கில நூலில் நிகழ்கால நிறைவு."

"ஒரே கப்பல்தானே?" என்றார் அரசர்.

"ஒரே கப்பல்தான், மகாராஜா. இன்னும் கேளுங்கள். நேற்றோடு திட்டவட்டமாக முடிந்துபோனதை ஸ்பானியர் 'வரையறையற்ற இறந்தகாலம்' என்பார்கள். அதற்கும் முன்பே முடிந்தது 'நிறைவுக்கு மேற்பட்டது'."

நிறைவுக்கு மேல் என்ன இருக்கும் என்று கதை சொல்லும் நானும் யோசித்ததுண்டு. விடை கிடைக்கவில்லை. அரசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இவற்றில் ஒரு பெயராவது உமக்குத் தெரியுமா?" என்றார் பண்டிதர்.

"தெரியாது."

"பார்த்தீர்களா, மகாராஜா? பெயர் தெரியாத எதையும் எவரும் கையாளக் கூடாது என்று ஆணையிடுங்கள். என் மருமகன் அத்தனையும் ஒப்பிப்பான்."

விட்டால் போதும் என்று அரசர் ஆணையிட்டுவிட்டார். அருளப்பனின் பத்து வருஷ வேலை அதோடு போயிற்று.

அவர் வணங்கினார். "ஆணை எனக்கு மட்டுமா, மகாராஜா?"

"ஆணை என்றால் எல்லாருக்கும்தான்."

அருளப்பன் பண்டிதர் பக்கம் திரும்பினார். "உங்கள் வேட்டிக் கட்டுக்கு என்ன பெயர்?"

"பஞ்சகச்சம். இதுகூடத் தெரியாதா?"

"தெரியும். அதை இடுப்பில் தாங்குகிறதே ஒரு முடிச்சு, அதற்கு?"

பண்டிதர் குனிந்து பார்த்தார். நூல்களைப் புரட்டினார். "முடிச்சு... முடிச்சுதான்."

"அப்படியானால் ஆணைப்படி அவிழ்த்துவிடுங்கள்."

காவலர் இருவர் முன்னே வந்தார்கள். பண்டிதர் நூல்களைக் கீழே போட்டு, இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மகாராஜா, நாற்பது வருஷமாகக் கட்டுகிறேன். ஒரு நாளும் நழுவியதில்லை. பெயர் தெரியாவிட்டால் என்ன?"

"அதைத்தான் துபாஷியும் சொல்லியிருப்பார்," என்று அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தாயிற்று.

அருளப்பனுக்கு வேலையும் ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தன. பண்டிதருக்கும் ஒரு பரிசு உண்டு: இடுப்புப் பட்டை. அதன் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொன்னார் அரசர்.