களைப்பே இல்லாத ஆவி

ஆஸ்டெக் மக்கள் வாழ்ந்த ஏரிக்கரைக் காட்டில் ஷோகோ என்ற வான்கோழி இருந்தது. குஞ்சுகளை வளர்த்தே அது அரை உயிராகியிருந்தது. ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்குக் குளிர், இன்னொன்றைத் தேடிப் போனால் அது தாயைத் தேடிப் போயிருக்கும்! பாவம், அலுத்துக்கொள்ளக்கூட ஷோகோவுக்கு நேரமில்லை.

அந்தக் காட்டுக்கு ஒரு பயம் உண்டு. பிரசவத்தில் உயிர்விட்ட பெண்கள் சிவாதெதெயோ என்ற ஆவிகளாகி, தினமும் உச்சிப் பொழுதில் சூரியனைத் தோளில் வாங்கி, மேற்கே கொண்டுபோய் இறக்குவார்கள். சில நாட்களில் மட்டும் அந்திநேரத்தில் நாற்சந்திக்கு வருவார்கள். பிள்ளை ஏக்கத்தில், கண்ணில் படும் பிள்ளைகளைத் தூக்கிப் போவார்களாம். அன்றைக்குக் குஞ்சு குட்டி எதுவும் வெளியே தலைகாட்டாது. மனிதர்கள் நாற்சந்தியில் சோள அடையும் தூபச் சட்டியும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு நாள் காலையில் புதருக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏய் ஷோகோ! நான் சிவாதெதெயோ பேசுகிறேன்! சாயங்காலம் ஒரு குஞ்சை நாற்சந்திக்குக் கொண்டு வா! இல்லையென்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போய்விடுவேன்!"

ஷோகோ பகலெல்லாம் அழுதது. எதைக் கொடுப்பது? கடைசியில், எப்படியும் பிழைக்காது என்று நினைத்திருந்த நோஞ்சான் குஞ்சைக் கூட்டிக்கொண்டு நடந்தது.

"அம்மா, என்னை மட்டுமா கூட்டிப் போகிறாய்!" என்று குஞ்சு குதித்தது. ஷோகோவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

நாற்சந்தியில், புல் பாவாடை கட்டி, முகமெல்லாம் சுண்ணாம்பு அப்பிய உருவம் ஒன்று துள்ளி வந்தது. "கொடு, கொடு! சீக்கிரம்!"

கால் ஓய்ந்த ஷோகோ தொப்பென்று உட்கார்ந்தது. "கொடுக்கிறேன் தாயே. மத்தியானத்திலிருந்து சூரியனைச் சுமந்திருக்கிறாய். தோள் விட்டுப்போயிருக்குமே! நீயும் கொஞ்சம் உட்காரேன்."

"தோள்வலியா? எனக்கா? பகலெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கினேன்! இன்னும் பத்துக் காடு சுற்றுவேன்!"

ஷோகோ நிமிர்ந்து பார்த்தது. ஆவியானாலும் பாரம் சுமந்தவள் இப்படித் துள்ள மாட்டாளே! உற்றுப் பார்த்தால், பாவாடைக்குக் கீழே ஒரு நரிவால் ஆடிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி!" ஷோகோ எழுந்து தூபச் சட்டியை ஓங்கி உதைத்தது. நெருப்புத் துண்டுகள் விழுந்து புல் பாவாடை பற்றிக்கொண்டது. "ஐயோ! ஐயோ!" என்று ஊளையிட்டபடி நரி ஏரியை நோக்கி ஓடியது.

"அம்மா, நிஜ ஆவி வந்தால்?" என்று குஞ்சு நடுங்கியது.

"வந்தால் அவளும் களைத்துத்தான் வருவாள்." ஷோகோ சிதறிக் கிடந்த அடைகளை எடுத்து அவளுக்காக அடுக்கி வைத்தது. பிறகு குஞ்சை இறுக அணைத்துக்கொண்டது. "உன்னைக் கொடுக்க வந்தேனே! இனிச் செத்தாலும் செய்ய மாட்டேன்!" என்று விம்மியது. மற்ற குஞ்சுகள் பசியில் கத்தும் சத்தம் கேட்டது. ஷோகோ பெருமூச்சு விட்டபடி மறுபடியும் நடந்தது.

பிறர் துன்பத்தை முகத்தில் பூசிக்கொண்டு ஊரையே ஏமாற்றலாம். துன்பத்தை உண்மையிலேயே சுமந்தவரை ஏமாற்ற முடியாது.