காயலுக்கு அடைப்பு போட்ட பொட்டழகி

பொட்டழகி ஒரு தாழைக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் குங்குமம் அப்பினது போல ஒரு சிவப்பு, நடக்கிறபோதெல்லாம் வெடுக்கு வெடுக்கென்று ஆடுகிற வால். பெருநகரத்தின் நடுவே ஒரு பூங்கா, பூங்காவுக்குள்ளே ஒரு காயல், காயலோரத்து நாணலில் அவள் கூடு. அதில் முட்டைகளை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காயலில் ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைத்தான் கொட்டினார்கள். பிறகு யாருக்கோ புத்தி வந்தது. குப்பையை வாரினார்கள், அலையாத்திச் செடி நட்டார்கள், நடைபாலத்துக்கு அடியில் குழாய் பதித்துக் கடல் தண்ணீரை மறுபடி உள்ளே விட்டார்கள். மீன் வந்தது, நண்டு வந்தது, வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு மனிதர்களும் வந்தார்கள்.

பொட்டழகி அங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் அழுதுவிடுவாள். அவள் முன்பு இருந்த ஏரியில் ஒரு கோடையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. "மழை வந்தா ரொம்பிடும்" என்றார்கள் எல்லோரும். மழைக்கு முன்னால் லாரி வந்து மண்ணைக் கொட்டியது. அந்த வருஷத்துக் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாவம், அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளாது. உட்காருவாள், எழுந்திருப்பாள், முட்டையைப் புரட்டுவாள், தண்ணீரை எட்டிப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள்.

ஒரு நாள் காலை எட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் கொஞ்சம்தான் இறங்கும்; அன்று அமாவாசை. தண்ணீர் குழாய் வழியே வெளியே ஓடிக்கொண்டிருந்தது! நேரம் ஆக ஆகக் கரையோரமெல்லாம் சேறு.

அந்த நேரம் பார்த்தா பாலத்தில் ஒரு குடும்பம் வந்து நிற்க வேண்டும்! "என்னங்க இது, காயல்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க, வெறும் சேறா கிடக்கு? வத்திப் போச்சா?" என்று அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

பொட்டழகி துள்ளி எழுந்தாள். "வத்திப் போச்சு! அய்யோ, வத்திப் போச்சு! எல்லாரும் வாங்க!"

சேற்று வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. ஒரு கொடுக்கு சின்னது, இன்னொன்று உடம்பைவிடப் பெரியது. அதனால் அதற்குப் பெயரே கொடுக்கன். "எதுக்கு இந்தக் கூப்பாடு? கடல் இப்ப இழுத்துக்கிட்டுப் போகும், சாயங்காலம் அதுவே கொண்டாந்து விடும். தினமும் நடக்கிறதுதான். தண்ணி போனாத்தான் நாங்க சேத்துல இரை பொறுக்க முடியும் தாயி!"

"எனக்கே கதை சொல்றியா? எங்க ஏரியிலயும் திரும்ப வரும்னுதான் சொன்னாங்க!"

"அது ஏரி. இது காயல்."

"சேத்துல கிடக்கிறவனுக்குத் தண்ணி அருமை என்னய்யா தெரியும்!" என்று வெடித்தாள் பொட்டழகி.

கொடுக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைக்குள் போய்விட்டான்.

சாயங்காலம் தண்ணீர் வரத்தான் செய்தது. அவளுக்கு மனசு ஆறவேண்டுமே! 'இன்னைக்கு வந்துச்சு. நாளைக்கு?' என்று மறுபடியும் எழுந்தாள், உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் கரையிலிருந்து ஒரு பெருச்சாளி பார்த்துக்கொண்டிருந்தது. சட்டாம்பிள்ளை என்று அதற்குப் பெயர். ஊருக்குள்ளிருந்து வருகிற சாக்கடை தின்பண்ட மிச்சத்தையெல்லாம் சுமந்து வந்து காயலில் விடும். ஆனால் வாய் வைப்பதற்குள் தண்ணீர் எல்லாவற்றையும் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதில் அவனுக்கு வயிற்றெரிச்சல்!

"ஏம்மா தங்கச்சி, அழுதுக்கிட்டு இருந்தா ஆச்சா?" என்று குழைந்தான். "ஓடுற குழாய அடைச்சிட்டா தண்ணி எங்க போகும்? தேங்கா மட்டை, சாக்கு எல்லாம் நான் கொண்டாறேன். உனக்குத்தான் பின்னல் கைவந்த வேலையாச்சே, இறுக்கிப் பின்னிடு!"

"அண்ணே, நீங்கதான் என் வயித்துல பால் வார்த்தீங்க!" என்றாள் அவள்.

காயல் நிறைந்திருந்த நேரம் பார்த்துப் பின்னினாள் பாருங்கள், அப்படியொரு பின்னல்! நாணலை மடக்கி, மட்டையைச் செருகி, சாக்கைத் திணித்துக் குழாயின் வாயை மூடிவிட்டாள். மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. பாலத்தில் வந்தவர்கள், "ஆஹா, எவ்வளவு தண்ணி!" என்று செல்பி எடுத்தார்கள். பொட்டழகி வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் கண்ணை மூடித் தூங்கினாள்.

தூக்கம் எத்தனை நாளைக்கு? தண்ணீர் பச்சை பிடித்தது, பிறகு கறுத்தது. மடவை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "மூச்சு முட்டுது! கதவைத் திறங்க!" சேறு தெரியாததால், அதில் இரை பொறுக்கும் உள்ளான் குருவிகள் வேறு இடம் தேடிப் பறந்தன. வந்த ஜனங்களோ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். சட்டாம்பிள்ளைக்கு மட்டும் கொண்டாட்டம். அடைப்புமேல் சேர்ந்த குப்பையில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்தான்.

வளை மூழ்கிப்போன கொடுக்கன் நாணல் தண்டில் தொற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும், "தண்ணி இருக்கில்ல? அது போதும்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் மழை பிடித்தது. ஊர்த் தெருவில் ஓடின தண்ணீரெல்லாம் காயலுக்குள் பாய்ந்தது. உள்ளே வர வழி உண்டு, வெளியே போகத்தான் வழியில்லை! தண்ணீர் ஏறியது. கூட்டின் அடியைத் தொட்டது. பொட்டழகி நாணலை இழுத்து இழுத்துக் கூட்டை உயர்த்தினாள். தண்ணீர் அதையும் தொட்டது.

"அண்ணே! அடைப்பை எடுங்கண்ணே! முட்டை முழுகுது!"

சட்டாம்பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை. "பின்னினது நீ. பிரிக்க எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தான்.

நாணலில் இருந்து கொடுக்கன் கத்தினான். "இப்ப வெளியே கடல் இறங்கியிருக்கு. இப்பவே பிரிச்சா வடிஞ்சிடும். கடல் ஏறிட்டா அவ்வளவுதான், போ!"

போவது எப்படி? மேலே அலையாத்திக் கிளையில் ஒரு காக்கை, அவள் எப்போது எழுவாள் என்று கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தது. உட்கார்ந்திருந்தால் முட்டை தண்ணீருக்கு. எழுந்துபோனால் காக்கைக்கு. அவள் காக்கையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிறே? நான் இருக்கேன்ல?" என்று கொடுக்கன் கூட்டின் விளிம்பில் ஏறி நின்றான்.

"நான் உன்னை என்னென்னவோ பேசிட்டேனே..."

"அதை அப்புறம் அழு. இப்ப ஓடு!"

ஓடினாள், நீந்தினாள், மூழ்கினாள். எந்த நாணலை எங்கே மடக்கினோம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றாக இழுத்தாள். அலகு ஓரம் கிழிந்து ரத்தம் வந்தது. கூட்டுப்பக்கம் காக்கை, "தள்ளுடா பொடிப்பயலே!" என்று இறங்குகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி, "ஆ! என் விரல்! விடுடா, விடுடா!" என்று அதே காக்கை அலறுவதும் கேட்டது.

கடைசி முடிச்சு விட்டது. அம்மாடி, என்ன பாய்ச்சல்! மட்டை, சாக்கு, குப்பை எல்லாம் ஒரே ஓட்டமாகக் கடலைப் பார்க்கப் போயின. குப்பைமேல் இருந்த சட்டாம்பிள்ளையும், "தங்கச்சீ! தங்கச்சீ!" என்று கூவிக்கொண்டே கூடப் போனான். அவனைத் தேட யாரும் போகவில்லை.

பொட்டழகி திரும்பி வந்தாள். ஓரத்து முட்டை ஒன்று தண்ணீரோடு போயிருந்தது. மற்றவை கொடுக்கனின் பெரிய கொடுக்குக்குக் கீழே பத்திரமாக இருந்தன. போன ஒன்றுக்காக அழுதாள், இருந்தவற்றின்மேல் உட்கார்ந்தாள். கொடுக்கன் சேற்றில் இறங்கிப் புது வளை தோண்டப் போய்விட்டான்.

குஞ்சு பொரித்த பிறகு ஒரு காலை, பாலத்தில் நின்ற யாரோ, "என்னப்பா, தண்ணியே காணோம்!" என்றார்கள். பொட்டழகி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர் விட்டுப்போன சேற்றில் அவளுடைய குஞ்சுகள் கொடுக்கனைச் சுற்றி ஓடியோடிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. "மிதிக்காதீங்கடா, என் வீடு!" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. ஆனால் ஒரு நாணலைக்கூட எடுக்காமல், சேற்றில் இறங்கிக் குஞ்சுகளோடு இரை பொறுக்கினாள்.

இருப்பது போய்விடுமோ என்ற பயத்தில் வாசலை அடைக்கிறவர்கள், வரவேண்டிய நல்லதையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிடுகிறார்கள்.