தளவாய் வீட்டார் ஏறிய கப்பல்

பரங்கியரின் பாய்க்கப்பல் ஒன்று வெண்சங்குத்துறைக்கு வந்துபோனதிலிருந்து ராஜா கொற்றவர்மருக்குத் தூக்கம் இல்லை. அதில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுப் பீரங்கி இருந்ததாம்.

"நம் புதுப் போர்க்கப்பலில் மூன்று தட்டு வை!" என்றார்.

கப்பல் கட்டும் சேகாதி ஓடாவி வாய்பொத்தி நின்றார். "ராஜா, இந்தக் கப்பல் ஒரு தட்டுதான் தாங்கும். மேலே கனம் ஏறினால் முதல் காற்றிலேயே படுத்துவிடும்."

தளவாய் மழவரையர் சிரித்தார். "கப்பலா படுக்கும்? வேலைக்குச் சோம்பி இவர்தான் படுப்பார். மூன்று தட்டுக்கு நான் பொறுப்பு, மகாராஜா!"

"தை பிறப்பதற்குள் முடியணும். இல்லாவிட்டால் ஓடாவிக்குக் கழுமரம்!" என்றார் ராஜா.

ஓடாவி நேரே அரண்மனை விகடர் தில்லைக்கூத்தரிடம் ஓடினார். "கட்டாவிட்டால் ராஜா கொல்வார். கட்டினால் கடல் கொல்லும். முதல் ஓட்டத்தில் கட்டினவன் பெண்டு பிள்ளையோடு ஏறணுமே, அதுதானே துறை வழக்கம்!"

கூத்தர் மீசையைத் தடவினார். "போய்க் கட்டும். ஏறுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தை பிறந்தது. மூன்று தட்டிலும் பீரங்கியோடு கப்பல் மிதந்தது. ஓடாவி கலங்கிய கண்ணோடு குடும்பத்தை ஏணிக்கு அழைத்துவந்தார்.

"நில்லும்!" என்றார் கூத்தர். "மகாராஜா, ஓடாவி சொன்னது ஒரு தட்டு. மூன்றுக்குப் பொறுப்பேற்றவர் தளவாய். முதலில் ஏறும் கௌரவம் அவர் வீட்டாருக்கல்லவா? அந்த வீட்டு அம்மாளுக்கு முன்பே சொல்லியனுப்பிவிட்டேன்."

"நியாயம்தான்!" என்றார் ராஜா.

பட்டுச்சேலை சரசரக்கத் தளவாயின் மனைவி பல்லக்கிலிருந்து இறங்கினாள். கப்பலை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இது சாயாதுதானே?"

"சாயாது... காற்று அடிக்காவிட்டால்."

"காற்று இல்லாமல் பாய்க்கப்பல் எப்படிங்க ஓடும்?"

தளவாய்க்கு வியர்த்தது. "டேய், மேல்தட்டுப் பீரங்கிகளை இறக்குங்கடா! அம்மா கால் நீட்டி உட்கார இடம் வேண்டாமா?"

இறக்கினார்கள். அம்மாள் ஏணியில் ஒரு கால் வைத்தாள். கப்பல் ஆடியது. காலை எடுத்துக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நடுத்தட்டையும் இறக்குங்கடா!" என்று தளவாய் அலறினார்.

ஒரு தட்டு மிஞ்சியது. தளவாயும் அம்மாளும் ஏறினார்கள். "இப்போது நாங்களும் வருகிறோம்" என்று ஓடாவி குடும்பத்தோடு துள்ளி ஏறினார். பாய் விரிந்தது. காற்றுக்குச் சற்றே சாய்ந்து, நிமிர்ந்து, அழகாக ஓடியது கப்பல்.

ராஜாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, ஓடாவி கரைக்கு வந்ததும் கொடுக்கச் சொன்னார். பிறகு கூத்தரிடம் பொய்க்கோபம் காட்டினார்.

"என்ன கூத்தரே, இன்னும் எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் இரண்டு தட்டுப் பீரங்கி போய்விட்டதே! பரங்கியன் வந்தால் என்ன செய்வது?"

"கவலை எதற்கு, மகாராஜா? தளவாய் அம்மாளைக் கப்பலின் முனையில் நிறுத்தி, ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அவனும் பீரங்கிகளை இறக்கிவிடுவான்."