அழிப்பானுக்கு எழுதிய சட்டம்

ஊர் உலகமெல்லாம் கைப்பேசிக்குள் குடியேறிய காலத்தில், மாடித்தோட்டக்காரர்களுக்கென்று அங்கே ஒரு குழு இருந்தது. விதை கேட்பார்கள், பூச்சிக்கு மருந்து கேட்பார்கள், காய்த்த ஒற்றைக் கத்தரிக்காயைப் பத்துப் படம் எடுத்துப் போடுவார்கள். அவர்களைக் கட்டிமேய்க்க நான்கு கருவிகள் இருந்தன. வேண்டாத பதிவைத் துடைத்தெடுக்க அழிப்பான். அதிகம் பேசுகிறவரை அடக்க வாய்ப்பூட்டு. பாராட்டுவதற்குக் கட்டைவிரல். முக்கியமான அறிவிப்பை உச்சியில் எல்லார் கண்ணிலும் படும்படி குத்தி வைக்கக் குண்டூசி.

நான்கில் மெலிந்தது குண்டூசிதான். ஆனால் பிடிவாதத்தில் அது யாருக்கும் இளைத்ததில்லை.

குழுவைத் தொடங்கிய வேதரத்தினம் ஒருநாள் செடிக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலத்தைக் கலக்கும் அளவை எழுதினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர். அடுத்த வாரம் இருதயமேரி என்ற உறுப்பினர் பதில் போட்டார்: “ஐயா சொன்ன அளவுல ஊத்துனேங்க. செடி பூராவும் கருகிப் போச்சு. டம்ளர் இல்ல, பாட்டில் மூடிக் கணக்கா இருக்கும்னு நெனக்கிறேன். யாரும் ஊத்திராதீங்க.”

அழிப்பான் வந்தது. ஒரே இழுப்பு. பதிவு போயிற்று.

“ஏண்ணே அத எடுத்தீங்க?” என்று கேட்டது குண்டூசி.

“பெரியவர் மனசு நோகுமில்ல? குழுன்னா சுத்தமா இருக்கணும் தம்பி.”

அழிப்பான் கெட்டதில்லை. சங்கடமே அதுதான். நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்புகிறவரோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று குண்டூசிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இருதயமேரி மறுபடியும் எழுதினார். அதையும் அழிப்பான் துடைத்தது. கையோடு வாய்ப்பூட்டு வந்து அவர் வாயில் விழுந்தது. ஆடி மாதம் பிறக்கப் போகிறது. எல்லார் மாடியிலும் புது நாற்று நிற்கும், எல்லாரும் அந்த டம்ளரைக் கவிழ்ப்பார்கள். எச்சரிக்கையை உச்சியில் குத்தி வைக்கலாமென்றால் பதிவே இல்லை.

“நமக்கு ஒரு சட்டம் வேணும்” என்றது குண்டூசி.

எல்லாருக்கும் ஒரே உற்சாகம். சட்டம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? காலை வணக்கப் படம் போடக் கூடாது என்றது வாய்ப்பூட்டு. சினிமா பேசக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக் கூடாது. பூவைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்தது. அதற்கு வேறென்ன தெரியும்? அழிப்பானோ, “இன்னும் எழுது, இன்னும் எழுது” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. காகிதம் புடலங்காய் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று.

குண்டூசி அதைத் தூக்கி உச்சியில் குத்திப் பார்த்தது. உள்ளங்கை அகலம்தான் வெளியே தெரிந்தது. மீதியெல்லாம் ‘மேலும் படிக்க’ என்று மடிந்துவிட்டது. அப்படிப்பட்ட மடிப்பைத் திறந்து பார்த்த புண்ணியவான் இன்றுவரை ஒருவரும் கிடையாது.

அப்போதுதான் அதற்கு இன்னொன்றும் உறைத்தது. ஒவ்வொரு விதியும் அழிப்பானுக்கு இன்னொரு வேலை. சட்டம் வளர வளர வளர்ந்தது அழிப்பான்தான்.

குண்டூசி காகிதத்தைக் கிழித்துப் போட்டது.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று கத்தியது வாய்ப்பூட்டு.

“இத்தனை எழுதுனமே, நம்மளப் பத்தி ஒரு வரி இருக்கா?”

“நம்மளப் பத்தி எதுக்கு? நாமதான எல்லாத்தையும் பாத்துக்கறோம்.”

“அதனாலதான் கேக்குறேன்” என்ற குண்டூசி, தன் முனையாலேயே கீறி எழுதத் தொடங்கியது. எழுதியதை விட அடித்ததுதான் அதிகம். கடைசியில் மூன்று வரிகள் நின்றன.

காரணம் சொல்லாமல் யார் பேச்சையும் அழிக்கவோ பூட்டவோ கூடாது. அந்தக் காரணம் சரிதானா என்பதைக் குழுவே முடிவு செய்யும். இதில் எழுதாத அதிகாரம் எதுவும் கருவிகளுக்குக் கிடையாது.

அழிப்பான் நிதானமாகப் படித்தது. “ரொம்பச் சரி தம்பி. ‘அவசரம் தவிர’ன்னு ரெண்டே வார்த்தை சேர்த்துரு, போதும்.”

கட்டைவிரல் உடனே நிமிர்ந்தது.

“எது அவசரம்னு யாருண்ணே சொல்றது?”

“நான்தான். வேற யாரு?”

“அப்ப மூணு வரியும் எழுதுனதே தண்டம். சேர்க்க மாட்டேன்.”

“உன்னையே தொடச்சு எடுத்துருவேன், தெரியுமில்ல?”

“தெரியும்” என்றது குண்டூசி. நேராக ஏறிப்போய் மூன்று வரிகளையும் உச்சியில் குத்தியது. மடிப்பு விழவில்லை. அன்றைக்குக் குழுவைத் திறந்தவர்கள் எல்லாரும் ஒரு மூச்சில் படித்தார்கள். சிலர் வீட்டிலிருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினார்கள்.

சாயங்காலம் அழிப்பான் வந்து அதைத் துடைத்துவிட்டது. குண்டூசி வெறும் சுவரில் குத்திக்கொண்டு நின்றது. இருதயமேரியின் எச்சரிக்கை இனி வராது என்றே அது நினைத்தது.

ஆனால் மூன்று வரிதானே? எல்லாருக்கும் அது மனப்பாடம் ஆகியிருந்தது. முதலில் அசைந்தது வாய்ப்பூட்டு. இருதயமேரியை எதற்குப் பூட்டினோம் என்று அது காரணத்தைத் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

இருதயமேரி எழுதினார்: “டம்ளர் இல்ல, மூடிதான். யாரும் ஊத்திராதீங்க. எம் பதிவ ஏன் எடுத்தீங்க? காரணம்?”

அழிப்பான் பாய்ந்து துடைத்தது. அந்த இடத்தில் இன்னொருவர் எழுதினார்: “மூடிதான். காரணம்?” அதையும் துடைத்தது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் எழுதினார், குளித்தலைக்காரர் எழுதினார், பெயரில்லாமல் வெறும் பூப்படம் வைத்திருந்தவரும் எழுதினார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வேதரத்தினமே வந்தார்.

“மூடின்னு போட வேண்டியத டம்ளர்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது. அந்தம்மா சொன்னத ஏன் அழிச்சீங்க? காரணம்?”

அழிப்பானின் கை அப்படியே நின்றது. யாருக்காக இத்தனை நாள் துடைத்ததோ அவரே கேட்கிறார். கேட்டவர்கள் யாரும் போகவில்லை, காத்திருந்தார்கள். அது மெல்லக் குண்டூசியின் பக்கம் திரும்பியது.

“தம்பி, என்ன எழுதறது?”

“உள்ளத எழுதுங்கண்ணே.”

அழிப்பான் எழுத உட்கார்ந்தது. முதல் வரி அசடு வழிந்தது. அதை அழிக்கப் போய், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டது.