சிறுகுடல் இரண்டு வாசலையும் இழுத்து மூடிய கதை

உடம்புக்குள் இருக்கும் உறுப்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே கதவு என்று ஒன்று கிடையாது. சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் நடுவிலும் கிடையாது. எல்லாம் திறந்த வாசல்தான்.

அந்தக் காலத்தில் சொரிமுத்து என்று ஓர் உழவர் இருந்தார். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுவார். ஆனாலும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஏர் பிடிக்கக்கூடக் கையில் வலுவில்லை. மனைவி பேச்சித்தாய் பயந்துபோனாள்.

"தின்னதெல்லாம் எங்கதான் போகுது? இப்படியே போனா ஆளு மிஞ்சாதே!" என்று அழுதாள்.

அது உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டது. இரைப்பை முந்திக்கொண்டார்.

"நான் அரைச்சு, புளிப்புச் சேத்து, உடனுக்குடனே அனுப்பிருதேன். சத்தைப் பிரிச்சு ரத்தத்துல சேக்க வேண்டியது சிறுகுடல். அவ ஒரு சோம்பேறி."

"ஆமா அண்ணாச்சி, அக்காகிட்ட இருந்து எல்லாம் முழுசு முழுசாத்தான் வருது," என்றான் பெருங்குடல்.

சோம்பேறியாம்! வேலை செய்யவும் விடாமல், வேலை செய்யவில்லை என்று பழியும் போட எப்படித்தான் மனம் வந்ததோ! புளித்த கூழை இரைப்பை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். அது அவளை எரித்துக்கொண்டு, சத்தை எடுப்பதற்கு முன்பே மறுமுனை வழியாக ஓடிவிடும். போதாததற்குப் பெருங்குடல் தன் கசடையும் காற்றையும் மேலே அவள் வீட்டுக்குள் தள்ளுவான். இந்த லட்சணத்தில் பேச்சு வேறு.

சிறுகுடல் கேட்டுப் பார்த்தாள். "அண்ணாச்சி, முதல் பந்தியில இன்னும் இலையே எடுக்கல. அதுக்குள்ள ரெண்டாம் பந்திய உக்கார வைக்கீயளே, இது நியாயமா?"

"அனுப்புதது என் வேலை. சமாளிக்கது உன் வேலை," என்றார் இரைப்பை. அதோடு பேச்சு முடிந்தது.

ஒருநாள் சொரிமுத்து மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். முதல் பந்தியிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த கையோடு, அடுத்த பந்திக்காரர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் மூச்சு கழுத்தில் படப்பட, சொரிமுத்து பருப்பும் நெய்யும் சோறும் பாயசமும் மெல்லாமல் விழுங்கினார். இரைப்பையும் அரைக்காமல் அப்படியே தள்ளினார்.

"எரியுது அண்ணாச்சி, நிறுத்துங்க!" என்று சிறுகுடல் அலறினாள்.

"சோம்பேறிக்கு வாய் மட்டும் நீளம்."

அவ்வளவுதான். எத்தனை நாள்தான் பொறுப்பாள்? மேல்வாசலைச் சுற்றியிருந்த தசையைப் பிடித்து, சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதுபோல இறுக்கி இழுத்தாள். கீழ்வாசலையும் அப்படியே இறுக்கினாள்.

இரைப்பை தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. முட்டிப் பார்த்தார், அதற்கும் அசையவில்லை. கடைசியில் எல்லாம் மேலே திரும்பியது. சொரிமுத்து பந்தல் ஓரத்தில் போய் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே இரைப்பையின் தொண்டை வழியெல்லாம் புளிப்பு ஏறிச் சுட்டது.

"ஐயோ, எரியுதே!" என்று இரைப்பை கத்தினார்.

"நித்தமும் மூணு வேளை என் மேல கொட்டுனது இதுதான்," என்றாள் சிறுகுடல். "ஒரு தடவைக்கே இந்தக் கத்து கத்துதீயளே!"

இரைப்பை முட்டுவதை நிறுத்தினார். அப்புறம், "தெரியாமப் பேசிட்டேன் தங்கச்சி. திற. ஆளு செத்துருவாரு," என்றார்.

"திறக்கேன். ஆனா நல்லா அரைச்சு, ஒரு மடக்குதான் அனுப்பணும். அதுல சத்தை எடுத்த பிறகுதான் அடுத்த மடக்கு. நெய்யும் எண்ணெயும் வந்தா கூடுதல் நேரம் ஆகும், காத்துக் கிடங்க. மேல புதுச்சோறு விழுந்தா எனக்குச் சொல்லி விடணும். அப்பத்தான் கீழ்வாசலைத் திறந்து இடம் பண்ணுவேன். ஏலே பெருங்குடலு, உன் பக்கம் வந்தது வந்ததுதான். ஒரு பொட்டு மேல திரும்பக் கூடாது."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அறுவடைக்குள் சொரிமுத்துவுக்கு உடம்பு தேறியது. அவர் மறுபடி ஏர் பிடித்து உழுதார்.

அன்று அவள் இழுத்த அந்த இரண்டு சுருக்குத் தசைகளும் இன்றும் ஒவ்வொரு வயிற்றிலும் காவல் இருக்கின்றன. நெய் ஊற்றிய விருந்து வெகுநேரம் வயிற்றில் கனப்பதும், வந்த கசடு மேலே திரும்ப முடியாமல் கிடப்பதும் அதனால்தான். எவ்வளவு பெரிய மனிதர் எவ்வளவு அவசரமாக அள்ளிப் போட்டாலும் சரி, ஒரு மடக்குக்கு மேல் அவள் உள்ளே விடுவதில்லை.