காளவாய்த் தெருவின் ‘நம்ம புள்ள’

முன்னொரு காலத்திலே முத்தலூர் நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டான். நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்கணும் அவனுக்கு. ஒருநாள், "அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு மாளிகை கட்டுங்கள்" என்றான்.

மந்திரி பூதலிங்கத்தின் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி சபாரத்தினம், பேர் வாங்க இதுதான் சமயம் என்று மூன்றே மாதத்தில் கட்டிவிட்டார். மாளிகை ஜோர். உள்ளே வைக்கத்தான் பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை ராஜா பார்க்க வருகிறாரே, மனுஷர் என்ன செய்வார்?

காளவாய்த் தெருவுக்குப் போனார். அங்கே சுண்ணாம்பு சுடும் மாடத்தியின் மகள் கிளியம்மை, மூன்று வயசு, தகப்பன் இல்லாதவள், விளையாடிக்கொண்டிருந்தாள். "யார் பிள்ளை இது?" என்று கேட்டார். தெருவில் இருந்த ஏழு வீட்டிலும் "நம்ம புள்ளதாங்க" என்றார்கள். "ஏழு வீட்டுப் பிள்ளை என்றால் ஒரு வீட்டுப் பிள்ளையும் இல்லை" என்று தூக்கி வந்துவிட்டார். படித்த மடையன் என்று இவரைத்தான் சொல்வது.

மாடத்தி அழுதுகொண்டே சபைக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது.

"அரசே, மூன்று கேள்வி கேட்போம். பதில் தெரிந்தவர்களிடம் பிள்ளை இருக்கட்டும்" என்றார் மந்திரி. "மாடத்தி, உன் மகள் மத்தியானம் என்ன சாப்பிடுவாள்?"

"தெரியாதுங்க சாமி. அந்நேரம் நான் காளவாயில நிப்பேன்."

"பார்த்தீர்களா! இந்தத் தெரு பிள்ளை வளர்ப்பது ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான்" என்று சபாரத்தினம் சிரித்தார்.

வடை சுடும் இசக்கி முன்னால் வந்தாள். "ரசஞ்சோறுங்க. அப்பளம் இல்லேன்னா வாயைத் திறக்க மாட்டா."

"எப்படித் தூங்குவாள்?"

தச்சன் மூக்கன் தலையைச் சொறிந்தான். "என் இழைப்புளிச் சத்தத்துலதான். நிறுத்தினா முழிச்சுக்குவா. அதனால வேலை இல்லாத நாள்லயும் வெறுங்கட்டையை இழைக்கிறேங்க."

"எதற்குப் பயப்படுவாள்?"

"சேவலுக்கு" என்றது மொத்தத் தெருவும்.

மந்திரி திரும்பினார். "பிரதானியாரே, உங்கள் மகன் எதற்குப் பயப்படுவான்?"

சபாரத்தினம் தன் வேலைக்காரனைப் பார்த்தார். அவன், "உங்களுக்குத்தாங்க" என்றான்.

சபை குலுங்கியது. ராஜாவும் சிரித்தான். திரைக்குப் பின்னால் மகாராணி கனைத்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "மந்திரியாரே, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிடாதீர்" என்றான்.

கிளியம்மை தாயின் இடுப்புக்குத் திரும்பினாள். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. காளவாய்த் தெருப் பிள்ளைகளுக்குத் தினமும் அரண்மனையிலிருந்து சோறு. பானையைச் சுமப்பது சபாரத்தினம். முதல் வாரம் முணுமுணுத்தார். அப்புறம் அப்பளத்தையும் அவரே கேட்டு வாங்கிப் போனார்.

ஒருநாள் வழிப்போக்கன் ஒருவன், "தோளில் யாருங்க, உங்க பேத்தியா?" என்று கேட்டான்.

சபாரத்தினம், எதிரே வந்த சேவலை விரட்டிக்கொண்டே, "நம்ம புள்ளதான்" என்றார்.