காவலருக்கு வந்த களி

குன்றக்கோட்டை அரண்மனையில் ஒரே ஒரு பொன்னாடை இருந்தது. ஓய்வு பெறும் காவலர்களுக்கெல்லாம் அதைத்தான் போர்த்துவார்கள். மன்னர் போர்த்துவார், சபை கை தட்டும், புலவர் வாழ்த்துப்பா படிப்பார். விழா முடிந்து காவலர் வாசலுக்கு வந்தால், அரண்மனைப் பண்டங்களுக்குப் பொறுப்பான உக்கிராணக்காரன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். பொன்னாடையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்தவருக்கு வேண்டுமே! அதில் எத்தனையோ பேருடைய வியர்வை வாசம். தாழம்பூ வைத்துப் பார்த்தும் போகவில்லை.

சம்பளம் விழாவுக்கு முந்தின நாளோடு சரி. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தனாதிகாரி கனகசபை. கருவூலத்தைத் தன் வீட்டு அரிசிப் பானை போலக் காத்தவர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் அந்தப் பானையின் மூடி தானாகத் திறந்துகொள்ளும்.

இந்த முறை ஓய்வு பெற்றவர் ஊர்க்காவல் தலைவர் வீரபெருமாள். மீசை அரும்பிய வயதில் வேலைக்கு வந்தவர். கொள்ளைக்காரன் ஒருவன் தடியால் அடித்து இடது முட்டி பெயர்ந்த பிறகும், அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தார். நிலமில்லை, பிள்ளையில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவிக்கு நாளைக்குக் கஞ்சி எப்படி ஊற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம்.

அவருக்காக வாயைத் திறந்தவன் அரசவை விகடகவி தாண்டவராயன். மன்னர் குலசேகர பூபதியிடம் போய், இந்த மனிதருக்கு ஆயுள் உள்ளவரை பாதிச் சம்பளமாவது கொடுங்கள் என்றான். மன்னர் தனாதிகாரியைப் பார்த்தார்.

"வேலை செய்யாதவனுக்குக் கருவூலம் சோறு போடும் வழக்கம் நம் நாட்டில் கிடையாது, மகாராஜா" என்றார் கனகசபை. "வீரபெருமாளுக்கு என்ன குறை? அவரால் வாழ்ந்த ஊர் அவரைக் கைவிட்டுவிடுமா? ஊராரின் நன்றியே அவருக்குச் சோறு போடும்."

மன்னருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. செலவில்லாத பேச்சு எந்த மன்னருக்குத்தான் பிடிக்காது? வீரபெருமாளால் வாழ்ந்தவர்கள் எல்லாரும் விழாவுக்கு வந்து அவருக்கு வேண்டியதைக் கொடுக்கலாம் என்று தண்டோரா போடச் சொன்னார். அதோடு சம்பளப் பேச்சு முடிந்தது என்றும் சொன்னார். தாண்டவராயன் மறுக்கவில்லை. அவரால் வாழ்கிறவர் யாராக இருந்தாலும் சபைக்குள் விட வேண்டும் என்று ஒரு வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டான்.

விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது. நகை வியாபாரி, இவர் காலத்தில் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்கினேன் என்று கண்ணீர் விட்டு, ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். செக்குக்காரர் மாலை போட்டார். மிராசுதார், எங்கள் உயிரோடு கலந்தவர் என்று நெடுநேரம் பேசினார். பேச்சே பரிசு என்பதால் வேறொன்றும் கொடுக்கவில்லை. மாலைகள் வீரபெருமாளின் மூக்கு வரை ஏறிவிட்டன. முட்டி வலியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல அங்கே ஓர் ஆளில்லை.

தனாதிகாரி மாலைக் குவியலைக் காட்டி, இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்றார். மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் ஒருவர் வெளியே காத்திருக்கிறார், மகாராஜா" என்றான் தாண்டவராயன்.

சங்கிலிச் சத்தம் கேட்டது. இரண்டு காவலர்களுக்கு நடுவே வந்தவன் சுருளி. ஊரெங்கும் வீட்டுச் சுவர்களில் கன்னம் வைத்த திருடன், ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவன். தனாதிகாரி துள்ளினார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வரவே மன்னர் மறுபடி உட்கார்ந்தார். சுருளி மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வீரபெருமாளின் காலடியில் வைத்தான். அதில் பாதிக் களி உருண்டை இருந்தது.

"களவாண்டு திரிஞ்ச காலத்துல ஒரு நா சாப்பிட்டா மறு நா பட்டினி, சாமி" என்றான். "இவரு என்னையப் பிடிச்சாரு. அன்னையிலேருந்து ரெண்டு வேளைக் களி தப்புனதில்ல. காய்ச்சல்னா அரண்மனை வைத்தியரு வர்றாரு. பொங்கலுக்கு வேட்டி உண்டு. வேலைன்னு ஒண்ணும் கிடையாது, சும்மாதான் குந்தியிருக்கேன். இவராலதானே வாழுறேன்? அதான் எங்கிட்ட இருக்கிறதுல பாதி கொண்டாந்தேன்."

மாலைகளுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அழாத வீரபெருமாள் அப்போது அழுதுவிட்டார்.

தாண்டவராயன் தனாதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டான். "ஐயா வாக்கு பலித்தது. நன்றி சோறு போட்டுவிட்டது. அதுவும் ஐயாவின் கருவூலத்துச் சோறு." பிறகு மன்னரிடம் திரும்பினான். "இனி நான் சம்பளம் கேட்க மாட்டேன், மகாராஜா. இவரையும் ஒரு திருடராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். பிடிபட்டவனுக்கு ஆயுள் முழுக்கச் சாப்பாடு, பிடித்தவருக்கு எலுமிச்சம்பழம் என்றால், இவர் ஏன் இந்தப் பக்கம் நின்று கஷ்டப்பட வேண்டும்?"

மன்னர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "சேர்த்துக்கொள்ளலாம். என்ன திருடினார் என்று எழுதுவது?"

"வாசலில் உக்கிராணக்காரன் கையை நீட்டும்போது, பொன்னாடையைக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமே."

மன்னர் சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் ஆடியது. பொன்னாடை வீரபெருமாளுக்கே என்றார். அவருக்கும் இனி ஓய்வு பெறும் காவலர் எல்லாருக்கும் ஆயுள் வரை பாதிச் சம்பளம் என்றார். கனகசபை முகம் சுண்டிப்போய், முறைப்படி ஆவன செய்கிறேன் என்று தலையைக் குனிந்தார்.

வந்த வேலை முடிந்தது, இனி அவருக்கு இது தேவையில்லை என்று சுருளி தன் களியை எடுக்கக் குனிந்தான். தாண்டவராயன் அவன் கையைப் பிடித்தான்.

"தொடாதே, சுருளி. தனாதிகாரி ஆவன செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இவர் சாப்பிட வேண்டாமா?"

மன்னர் மறுபடியும் சிரித்தார். சம்பள உத்தரவு கைக்கு வரும்வரை வீரபெருமாளுக்கும் அவர் மனைவிக்கும் மூன்று வேளையும் தனாதிகாரி வீட்டிலிருந்து சாப்பாடு போக வேண்டும் என்றார். சுருளி களியை எடுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் இலை போடுவதற்கு முன்பே உத்தரவு வந்து சேர்ந்தது. குன்றக்கோட்டைக் கருவூலத்திலிருந்து அவ்வளவு வேகமாக எதுவும் வெளியே வந்ததில்லை, கனகசபை வீட்டுக் கல்யாணச் செலவைத் தவிர.